ஓடைக்கரையில களை மருந்து அடிக்கறத நிறுத்தச் சொல்லி மனு

அனுப்புநர்: பணியர் பழங்குடி காலனி பெண்கள், கூடலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், உதகமண்டலம்

பொருள்: ஓடையோரம் வளர்ற சுருளிக் கீரைய (சமைச்சு சாப்பிடற ஒரு பெரணி) காப்பாத்தறது சம்பந்தமா

மதிப்பிற்குரிய கலெக்டர் அவர்களுக்கு வணக்கம்.

எங்க காலனிக்குக் கீழ ஓடற ஓடையில ரெண்டு கரையிலயும் சுருளிக் கீரை வரும், ஈரமும் நிழலும் இருந்தா போதும் யாரும் நட வேண்டாம், ஜூன்ல மழை புடிச்சதும் தலைய சுருட்டிக்கிட்டு தளிர் எழும்பும், விரியறதுக்கு முன்னாடியே ஒடிச்சிரணும், விரிஞ்சிட்டா நாரும் கசப்பும்தான். கூலி வேலை கிடைக்காத மழை நாள்ல ஓடை நண்டும் இந்தக் கீரையும்தான் எங்க வீட்டுல குழம்பு.

நாங்க பறிச்சுப் பறிச்சுதான் கீரை குறைஞ்சு போச்சுன்னு சிலர் பேசறாங்க. அது சரியில்லைங்க. ஒரு தூர்ல இருக்கற தளிர் எல்லாத்தையும் நாங்க எடுக்கறதில்ல, கொஞ்சம் விட்டுத்தான் ஒடிப்போம், அடிக்கிழங்கு மண்ணுல இருக்கற வரைக்கும் அது மறுபடி மறுபடி துளிர்க்கும். குறையறதுக்கு காரணம் பக்கத்து எஸ்டேட்ல தேயிலைக்கு நடுவுல அடிக்கற கிளைபோசேட் மருந்து, அத ஓடைக்கரை வரைக்கும் அடிச்சிட்டு வர்றாங்க. அருவாளால வெட்டினா செடி திரும்ப வந்துரும், ஆனா இந்த மருந்து இலை வழியா உள்ள போயி கிழங்கையே சாகடிச்சிருது.

இன்னொன்னு இதைவிட பயமா இருக்கு. மருந்து பட்ட செடி உடனே வாடாது, சில நாள் பச்சையாவே நிக்கும். அது தெரியாம பறிச்சு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டா யார் பொறுப்பு?

காட்டுல வேற கீரையே இல்லையான்னு கேக்கலாம். மேட்டுல வெயில் படற இடத்துல ஒரு பெரணி வளருது, தளிரும் சுருண்டுதான் இருக்கும், ஆனா அதுல புற்றுநோய் வரவைக்கற நஞ்சு இருக்கு. ஓடையில சுருளி இல்லைன்னு ஆயிட்டா விவரம் தெரியாத புள்ளைங்க அதப் பறிச்சிட்டு வந்துருமோன்னுதான் எங்க பாட்டிமாருக்கு கவலை.

2006 வன உரிமைச் சட்டத்துல சிறு வனப் பொருள சேகரிக்கற உரிமையும், நீர்நிலையில கிடைக்கறத எடுத்துக்கற சமுதாய உரிமையும் இருக்கு, தண்ணி வர்ற இடத்தப் பாதுகாக்கற அதிகாரம் கிராம சபைக்கு இருக்கு. அந்தச் சட்டப்படி உரிமைய முடிவு பண்ற மாவட்ட அளவிலான குழுவுக்கு நீங்கதான் தலைவர். கிளைபோசேட் விற்பனைய கேரளா 2019-லயே தடை பண்ணிருச்சு, 2022-ல ஒன்றிய அரசும் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆபரேட்டர் (லைசென்ஸ் வாங்கி மருந்து அடிக்கறவங்க) மூலமா மட்டும்தான் அடிக்கணும்னு அறிவிப்பு போட்டுச்சு. இங்க டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு அடிக்கறது எங்க ஊர் பசங்கதான், கையுறைகூட கிடையாது.

இது செக்‌ஷன் 17 நிலம் (ஜன்மம்ங்கற பழைய ஜமீன் மாதிரி நில உரிமைய ஒழிச்ச சட்டத்துல 17-வது பிரிவுல வர்ற, வழக்குல கிடக்கற நிலம்), அதனால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிராதீங்க. ஜன்மம் நில வழக்கு முடியறப்ப முடியட்டும், கரையில மருந்து அடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு பட்டா யார் பேர்லன்னு பாக்கணுமா?

அதனால ஓடையோட ரெண்டு கரையிலயும் 10 மீட்டருக்கு களை மருந்து அடிக்கவே கூடாது, புல்ல கையாலதான் வெட்டணும்னு உத்தரவு போடணும். தண்ணியையும் கீரையையும் எடுத்து டெஸ்ட் பண்ணி ரிசல்ட்ட எங்ககிட்ட தமிழ்ல குடுக்கணும். சமுதாய உரிமைக்கு நாங்க குடுக்கற படிவம் ‘ஆ’-வுல ஓடைக் கீரை, நண்டு, மீன் எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கணும். விசாரணைய ஊட்டில வெக்காம கூடலூர் கோட்டாட்சியர் ஆபீஸ்ல வெச்சா நல்லது, ஊட்டிக்கு வந்து போனா ஒரு நாள் கூலி போயிரும்.

ஆய்வுக்கு வர்ற தேதிய முன்னாடியே சொல்லி விடுங்க, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி காலைலயே வந்தீங்கன்னா நாங்களே கூட்டிட்டுப் போயி எந்த இடத்துல கருகியிருக்கு, எங்க இன்னும் துளிர்க்குதுன்னு காட்டறோம், மழைக்கு அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு எடுத்துக்கங்க.

இப்படிக்கு,
காலனி பெண்கள் (கையெழுத்தும் கைரேகையும் பின்பக்கம்)