ஒன்றரை மணி நேரம் போதும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து வரும் ஞாயிறு நம் தமிழ்ப் பள்ளி திறக்கிறது. ஆண்டு விழா வரைக்குமாவது வகுப்பை இரண்டரை மணி நேரமாக்கச் சொல்லி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். தப்பாக எழுதினால் நூறு தடவை எழுத வையுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு அப்பா சொன்னார். வகுப்பு பழையபடி ஒன்றரை மணி நேரம்தான். நூறு தடவை எழுத வைப்பதும் கிடையாது. ஏன் என்று சொல்ல ஒரு அமெரிக்க ஃபுட்பால் கோச்சின் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் இந்த மினசோட்டா மாநிலத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, மோதி ஆடும் இந்த ஊர் ஃபுட்பால் எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் இங்கே இருந்துகொண்டு ஜான் கலார்டியின் பெயரைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. (ஆங்கிலத்தில் Gagliardi என்ற எழுத்துகளைப் பார்த்தால் வேறு மாதிரி வாசிப்பீர்கள். நம் பிள்ளைகள் ழகரத்தில் திணறுவது போல நானும் அதில் திணறியிருக்கிறேன்.) செயின்ட் கிளவுடைத் தாண்டி காலேஜ்வில்லில் பெனடிக்டின் என்ற கிறிஸ்தவத் துறவிகள் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை, அறுபது சீசன், அவர்தான் கோச். விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுத்து ஆள் பிடிக்க முடியாத மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. அங்கிருந்துகொண்டு 2003 நவம்பரில், லூசியானாவின் கிராம்ப்ளிங் கல்லூரிக் கோச் எடி ராபின்சனின் 408 வெற்றிகளைத் தாண்டினார். ஓய்வு பெறும்போது கணக்கு 489. கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்தக் கோச்சும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

எனக்குப் பிடித்தது அந்த எண் இல்லை, அதன் ஆரம்பம். கொலராடோவின் டிரினிடாட் என்ற ஊரில் 1943-ல், பள்ளிக் கோச்சை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்று நிர்வாகம் நினைத்தபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தவன் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன், கலார்டி. பொறுப்பு கைக்கு வந்ததும் தனக்குப் பிடிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினான். மைதானத்தைச் சுற்றி ஓடுவது நின்றது. தண்டால், பஸ்கி நின்றது. அப்புறம், பயிற்சி நடுவே தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கலாம் என்றான். அந்தக் காலத்தில் தண்ணீர் கேட்பது கோழைத்தனம்.

இதைப் படித்தபோது நான் படித்த பள்ளியின் மைதானம் நினைவுக்கு வந்தது. சித்திரை வெயில், எட்டாவது ரவுண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாய் பத்தடி தள்ளி சொட்டிக்கொண்டிருக்கிறது. "தண்ணி குடிச்சா ஓட முடியாதுடா" என்பார் பி.டி. சார். அந்தக் குழாயின் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஓட்டத்தில் என்ன கற்றேன் என்பதுதான் நினைவில் இல்லை.

செயின்ட் ஜான்ஸிலும் அவர் மாறவில்லை. பயிற்சி தொண்ணூறு நிமிடத்தைத் தாண்டாது, விசில் கிடையாது. கொசு அதிகம் என்றால் உள்ளே போய்விடுவார்கள். நம் ஊர்க் கொசுவைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பயிற்சியில் ஒருவரை ஒருவர் மோதிக் கீழே தள்ளும் டாக்கிளும் இல்லை. அடிபடாத பையன்தானே சனிக்கிழமை போட்டியில் ஆட முடியும்! பல்லாண்டுகள் கழித்து, 2016-ல், ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் சீசன் நாட்களின் பயிற்சியில் முழு டாக்கிளை நிறுத்தின.

சலுகை கொடுத்தே ஜெயித்தார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் ஒரே ஆட்ட உத்தியைப் பிசிறில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் 2003 இறுதிப் போட்டியில் அவர் பையன்கள் 24-6 என்று வென்றது சாதாரண அணியையா? தொடர்ந்து 55 ஆட்டம் தோற்காமல் வந்த மவுன்ட் யூனியன் கல்லூரி அணியை.

யாரையும் அணியிலிருந்து கழித்துக்கட்டுவதும் அவரிடம் இல்லை. சில ஆண்டுகளில் அணியில் 150 பேருக்கு மேல் இருந்தார்கள். அதனால்தான் இந்த ஆண்டு விழா நாடகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வசனமாவது உண்டு. இரண்டாம் நிலை வகுப்பில் பேசவே கூச்சப்படும் குழந்தைக்கும் உண்டு. கதைக்கு அத்தனை காவலாளிகள் தேவையா என்று கேட்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. மாணவர்கள் தன்னைக் கோச் என்று கூப்பிடக்கூடாது, ஜான் என்றே கூப்பிட வேண்டும் என்பார். நம் பிள்ளைகள் டீச்சர், சார் என்றே கூப்பிடட்டும். அது எனக்குப் பழகிவிட்டது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடியும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளைகள் தமிழில்தான் பேசுவார்கள், அதில் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டுப்பாடம் ஒரு பக்கம். எழுத்துப்பிழை வந்தால் அந்தச் சொல்லை மூன்று முறை எழுதினால் போதும், ஆனால் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். பதினொன்றரைக்கு அழைத்துப் போக வந்துவிடுங்கள், போன வருடம் போல வாசலில் யாரும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரும் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில் கொண்டுவரட்டும். குடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்