கவுண்டியையும் பிள்ளைகள் அறியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் 50 மாநிலங்களின் தலைநகரங்களையும் ஒப்பிக்கிறார்கள். பெற்றோர் குடியுரிமைத் தேர்வுக்காக ஆளுநர், செனட்டர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் இடையே நின்று, சொத்துப் பதிவு, தேர்தல் ஏற்பாடு, சிறைச்சாலை எனப் பல பணிகளைப் பெரும்பாலான மாநிலங்களில் கவனிக்கும் கவுண்டி நிர்வாகத்தைப் பற்றி நம்மில் பலர் விசாரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த அமைப்பு எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. லூசியானாவில் இதைப் பாரிஷ் என்றும் அலாஸ்காவில் பரோ என்றும் அழைக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலமோ 1960-இல் கவுண்டி அரசுகளையே கலைத்துவிட்டது. ஆகவே பாடப்புத்தகம் மட்டும் போதாது.

வீட்டுக்கு வரும் சொத்துவரி அறிவிப்பைப் பிள்ளைகளுடன் அமர்ந்து நிதானமாகப் படித்தால், பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு, கவுண்டிக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு என்று பல ஊர்களில் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கவுண்டியின் பங்கு எப்படிச் செலவாக வேண்டும் என்று முடிவெடுக்கும் குழுக் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் செல்லலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கே அழைத்துச் செல்லுமாறு பெற்றோரையும், அதற்கு ஏற்பாடு செய்யுமாறு தமிழ்ச் சங்கங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்