மாத்திரை வாங்க நோயாளியையே தூக்கிட்டு வரச் சொல்லாதீங்க

சுகாதாரத் துறையில விதிமுறை எழுதுற அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, கேன்சர் முத்தி படுத்த படுக்கையா கிடந்த எங்க அம்மாவ பதினோரு மாசம் பாத்துக்கிட்ட பொண்ணு. "இனிமே ட்ரீட்மெண்ட் ஒண்ணும் இல்லமா, வீட்ல வச்சு பாத்துக்கோங்க"ன்னு டிஸ்சார்ஜ் சீட்ட கையில குடுத்தாங்க பாருங்க, எங்களுக்கு ஆஸ்பத்திரியோட தயவு நெஜமா வேண்டியிருந்ததே அதுக்கப்புறம்தான்.

எலும்புக்குப் பரவிடுச்சு, போர்வை பட்டாலே கத்துவாங்க. கடும் வலிக்குக் குடுக்கிற மார்ஃபின் மாத்திரை போட்டா ஒரு நாலு மணி நேரம் தாங்கும், அதனால போன்ல அலாரம் வச்சு வச்சு குடுப்பேன். அது குடல மந்தமாக்கிடும், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து குடுக்கணும்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. ஆறு நாள் வெளிக்கிப் போகாம வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு, நான் பாட்டுக்கு நோய்தான் முத்துதுன்னு நெனச்சு அழுதுட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் உக்கார வச்சு சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்.

அத விடுங்க. மாத்திரை தீந்தா நோயாளி நேர்ல வரணும்னாங்க. பெட்ஷீட்டோட நாலு மூலையையும் ஆளுக்கொண்ணா புடிச்சு தூக்கி, வண்டியில படுக்க வச்சு, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவங்க என் கைய நகம் பதியுற அளவுக்கு இறுக்க, அங்க போனா கவுண்டர்ல இருக்கிறவரு தலைய நிமித்திக்கூட பாக்கல, சீட்ட மட்டும் பாத்து சீல் குத்தினாரு. இதுக்கா கூட்டிட்டு வரச் சொன்னீங்க?

மார்ஃபின போதைக்குத் தப்பா யூஸ் பண்ணிருவாங்கன்னு பயம், அது நியாயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கு வழியா இல்ல? வீட்ல பாத்துக்கிறவங்க பேர பதிஞ்சு ஒரு கார்டு குடுங்க, காலி மாத்திரை அட்டைய திருப்பி வாங்கி எண்ணிட்டு புதுசு குடுங்க, சந்தேகமா இருந்தா வீடியோ கால்ல நோயாளிய பாருங்க, முடிஞ்சா மாசம் ஒரு தடவ நர்ஸ் வீட்டுக்கு வரட்டும், படுக்கைப்புண் இருக்கான்னு முதுகத் திருப்பிப் பாக்கவாவது ஆள் வேணும்ல.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. உலகம் முழுக்க வருஷத்துக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த மாதிரி வலி தணிப்பு சிகிச்சை தேவைப்படுது, கிடைக்கிறது சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. இத சுகாதார அமைப்புக்குள்ள சேருங்கன்னு 2014லயே உலக சுகாதார சபையில தீர்மானம் போட்டாச்சு. மார்ஃபின் ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்ச காஸ்ட்லி மருந்து இல்ல, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிறதுதான். மருந்து இருக்கு, வீடு வரைக்கும் வரத்தான் மாட்டேங்குது.

அம்மா போனப்புறம் பதினாலு மாத்திரை மிச்சம் இருந்துச்சு. திருப்பிக் குடுக்கப் போனேன். அதே கவுண்டர்தான், எண்ணி வாங்கிட்டு கையெழுத்து போடச் சொன்னாரு. அன்னிக்கு நான் மட்டும் வந்தா போதும்னுட்டாங்க.