கூண்டில் பார்ப்பது அந்த நாயை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், வீடு தேடும் நாய்களின் படங்களைப் போட்டு வருகிறீர்கள். நல்ல காரியம். அந்தப் பக்கம் வந்த மறுநாள் எங்கள் காப்பகத்தில் தொலைபேசி ஓயாது. ஆனால் அழைப்பவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றைத்தான்: "குட்டி இருக்கா?" அடுத்த வாரம் நாங்கள் அனுப்பப்போவது ஒரு கிழ நாயின் படம். இடமில்லை என்று ஒதுக்கிவிடாமல் அதைப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். படத்தின் கீழே இரண்டு வரிக்குமேல் எழுத முடியாது என்பதால், மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற செவிலியர். பணிக்காலத்தில் பாதிக்குமேல் முதியோர் பிரிவில்தான் கழிந்தது. இப்போது மாலை வேளைகளில் காப்பகத்துக்கு உதவப் போகிறேன். அங்கேயும் வயசானவர்கள்தான் என் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். நான் சொல்லவந்த நாய் பழுப்பு நிறம், பெரிய உடம்பு, மூக்கைச் சுற்றி முழு நரை. பதினொரு வயது இருக்கலாம் என்பது மருத்துவரின் மதிப்பீடு. இந்த அளவு நாய்களுக்கு ஆறேழு வயதிலேயே முதுமை எட்டிப் பார்க்கும்; சின்ன உடம்புக்காரர்கள் பத்து வயதுவரை தாக்குப்பிடிப்பார்கள். வளர்த்தவருக்குத் தனியாக இருக்க முடியாமல்போய், மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நாய்க்கு இடமில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பதிவேட்டில் வேறு பெயர் இருந்தாலும், எங்களுக்கெல்லாம் அவர் 'பெரியவர்'. கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும் பெரியவர் இவர்: கூண்டுக்குள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி நடப்பார். வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கும். ஆள் நெருங்கினால் குரைப்பார், இல்லையென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உதட்டை நக்குவார், தூக்கமே வராதபோதும் கொட்டாவி விடுவார். எல்லா விளக்கும் அணைந்து ஆள் நடமாட்டம் நின்ற பிறகுதான் தட்டில் வாய் வைப்பார். "இது கடிக்கிற நாயாட்டம் இருக்கே", "சீக்காளி போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் நாய்க்குச் சிலர் 'அமைதியானது' என்று சான்றிதழும் கொடுப்பார்கள். அது அமைதியில்லை. முடியாமல் அடங்கிப்போவது. குரைக்கிறவனுக்காவது இன்னும் தெம்பு இருக்கிறது.

இதெல்லாம் அவர் குணம் இல்லை, அந்த இடத்தின் விளைவு. நாய்க் கூடங்களில் ஒலியை அளந்து பார்த்தவர்கள் 100 டெசிபலுக்கு மேலேயும் கண்டிருக்கிறார்கள். மனிதர்கள் எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 85 டெசிபலைத் தொட்டாலே காதுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது தொழில் சுகாதார நடைமுறை. வயதான நாய்க்கு நாளின் பெரும்பகுதி தூக்கம் வேண்டும். அங்கே ஒரு நாய் குரைத்தால் நாற்பது நாய் பதில் சொல்லும். பதினொரு வருஷம் ஒரே வாசல், ஒரே குரல், ஒரே பாய் என்று இருந்தவருக்குத் திடீரென எதுவுமே தெரிந்ததாக இல்லை. குட்டி நாய் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும். கிழவர்களால் முடியாது. புது வார்டில் சேர்ந்த முதல் ராத்திரி எத்தனை பெரியவர்கள் கட்டிலை விட்டு எழுந்து வாசலைத் தேடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தத்தெடுக்க வருகிறவர்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்று 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நாயின் நடத்தைகளைப் பட்டியலிட்டுப் பார்த்ததில் இரண்டுதான் முடிவை மாற்றின. வந்தவர் விளையாடக் கூப்பிட்டபோது நாய் கண்டுகொண்டதா என்பது ஒன்று, அவர் பக்கத்தில் வந்து படுத்ததா என்பது இன்னொன்று. அவ்வளவுதான். கால் வலியோடு, காது சரியாகக் கேட்காமல், இரைச்சலில் வெலவெலத்துப்போன கிழவர் அறிமுகமே இல்லாத ஒருவர் காலடியில் சில நிமிஷத்துக்குள் போய்ப் படுக்க வேண்டுமாம்! எந்தத் தேர்விலும் இப்படி ஒரு அநியாயக் கேள்வித்தாளை நான் பார்த்ததில்லை.

சரி, வீட்டில் எப்படி இருப்பார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் தெரியும். எங்கள் தன்னார்வலர் ஒருவர் பெரியவரை ஒரு வாரக்கடைசிக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முதல் சில மணி நேரம் அறை அறையாக நடந்தாராம். அப்புறம் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்துப் படுத்தவர், ராத்திரி முழுக்கக் கால்களை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். கூண்டில் அவர் அப்படிப் படுத்து நான் பார்த்ததே கிடையாது. எப்போதும் சுருண்டுதான், தலையைத் தூக்கியபடியேதான். காலையில் கதவருகே போய் நின்று, திரும்பிப் பார்த்தார். வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்குள் ஒரு சொட்டு அசுத்தம் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: தன்னார்வலர் துடைப்பத்தை எடுத்ததும் பெரியவர் தானாக எழுந்து, பெருக்கி முடித்த பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். யாரோ அவரோடு வருஷக்கணக்கில் ஒழுங்காகக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பழக்கமெல்லாம் அப்படியே இருக்கிறது, வெளிவர ஒரு வீடுதான் தேவைப்பட்டது.

திரும்பக் கொண்டுவந்து விட்டதும் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டார். "இப்படி ஆசை காட்டி மோசம் செய்வதற்குக் கூட்டிப் போகாமலே இருக்கலாமே" என்று எங்களிலேயே சிலர் சொன்னார்கள். நியாயமான கவலைதான், ஆனால் சரியில்லை. 2019இல் அமெரிக்காவின் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்க வைத்து, சிறுநீரில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். வீட்டில் இருந்தபோது அளவு இறங்கியது. திரும்பியதும் பழைய நிலைக்கு வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. நாய்கள் இடைவிடாமல் நெடுநேரம் ஓய்வெடுத்ததும் அந்த வீட்டு நாட்களில்தான். ஆக, போய் வருவது அவருக்கு ஒரு விடுப்பு. நமக்கோ அவர் உண்மையில் யார் என்று சொல்லும் ஒரே வழி.

(காப்பகத்திலேயே ஏதாவது செய்ய முடியாதா என்றால், கொஞ்சம் முடியும். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 2002இல் செய்த ஆய்வில், மேற்கத்திய செவ்விசை கேட்ட காப்பக நாய்கள் அதிக நேரம் ஓய்வாகப் படுத்தன, ஹெவி மெட்டல் கேட்டவை அதிகம் குரைத்தன. எங்கள் இளம் தன்னார்வலர் ஒருவருக்கு இந்த முடிவில் இன்னும் உடன்பாடில்லை.)

உடல்நிலையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செவிலியர் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவாதம். கண்ணில் நீலம் பாய்ந்தது போலத் தெரிவது கண்புரை அல்ல. வயதாக ஆகக் கண்வில்லை இறுகுவதால் வருவது, பார்வையை அவ்வளவாகக் கெடுக்காது. காது மந்தம். அதனால்தான் தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுப் பல்லைக் காட்டுவார். தரையை இரண்டு முறை காலால் தட்டுங்கள். அதிர்வு அவருக்குத் தெரிந்துவிடும், நிதானமாகத் திரும்பிப் பார்ப்பார். 'கடிக்கிற நாய்' என்ற பெயர் அவருக்கு வந்தது இந்தத் திடுக்கிடலால்தான். மூட்டுவலிக்கு மருத்துவர் எழுதிய மாத்திரை போகிறது, இடையிடையே ரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தயவுசெய்து நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். ராத்திரியில் காரணமில்லாமல் உலாத்துவது, மூலையில் போய் மாட்டிக்கொண்டு நிற்பது, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது போன்ற மறதி நோய் அறிகுறிகள் வயதான நாய்களுக்கு வருவதுண்டு. பெரியவருக்கு இதுவரை இல்லை. இனி வராது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

செலவைப் பற்றித்தான் அடுத்த கேள்வி வரும். 'நிரந்தர வளர்ப்பு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. நாய் கடைசிவரை உங்கள் வீட்டில் இருக்கும். காகிதத்தில் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கும். மருத்துவச் செலவைக் காப்பகம் ஏற்கும். பெரியவர் விஷயத்தில் எங்கள் காப்பகம் இதற்குச் சம்மதித்துவிட்டது. காப்பகத்துக்கும் இதில் நஷ்டமில்லை, ஒரு கூண்டு காலியாகிறது அல்லவா.

எப்படிப்பட்ட வீடு வேண்டும்? பெரிய வீடு தேவையில்லை. ஆரவாரம் இல்லாத வீடு போதும். தவழும் குழந்தை இருக்கும் வீடு வேண்டாம். ஒன்றிரண்டு பேர், பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பவர்கள் என்றால் உத்தமம். அறுபதைத் தாண்டியவர்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: "எங்களுக்கே வயசாயிடுச்சு, எங்களுக்கப்புறம் நாயை யார் பார்த்துக்குவாங்க?" குட்டி வாங்கினால் அந்தக் கவலை நியாயம், அது பதினைந்து வருஷப் பொறுப்பு. பதினொரு வயதுப் பெரியவர் அவ்வளவு தூரம் வாக்குக் கேட்கவில்லை. 2007இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'மட்வில்' என்ற அமைப்பு வயதான நாய்களுக்காகவே நடக்கிறது. 62 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கிழ நாய்களையும் சேர்த்துவைக்க அங்கே தனித் திட்டமே வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் நடைவேகம் ஒத்துப்போகும், வேறென்ன வேண்டும்.

"பழகின பிறகு செத்துப்போய்விட்டால் தாங்க மாட்டேன்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தாங்க முடியாதவர்கள் எடுக்க வேண்டாம். அதேபோல 'ஐயோ பாவம்' என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வருகிறவர்களையும் நான் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் பார்ப்பேன். பாவம் பார்ப்பது நான்காம் நாள் படுக்கை நனையும்போது தீர்ந்துவிடும். ஒரு நாய் இரண்டாம் முறை திரும்பி வந்தால், அதன் சுற்றல் இன்னும் மோசமாகிறது. அதனால் உங்கள் பக்கத்தில் படத்தின் கீழே 'கடைசி நாட்களில் ஆதரவின்றி வாடும் ஜீவன்' என்கிற மாதிரி எதுவும் போட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்ட வரிகளுக்கு அனுதாபம் சொல்ல ஐம்பது பேர் அழைப்பார்கள், ஒருவரும் வர மாட்டார்கள். 'வீட்டுப் பழக்கம் உள்ளவர், குறட்டை விடுவார், படி ஏற முடியாது' என்று போடுங்கள். உண்மையும் அதுதான்.

கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. வந்த அன்றே உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். வழுக்கும் தரையில் நடக்குமிடமெல்லாம் பாய் விரியுங்கள், ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் போடுங்கள். மிரண்ட நாய்கள் உருவிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான். கட்டிப்பிடிக்க வேண்டாம், அவரே வருவார். எப்போது வருவார் என்று கேட்டால், காப்பகங்களில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள்: மிரட்சி அடங்க மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடுதான் என்று தோன்ற மூன்று மாதம். எந்த நாயும் இந்த நாள்காட்டியைப் படித்ததில்லை. அலமாரிப் பக்கத்தில் இடம் பிடிக்கப் பெரியவருக்குச் சில மணி நேரம் போதுமாக இருந்தது.

நாங்கள் அனுப்பும் படம் கம்பிக்குப் பின்னால் எடுத்ததல்ல. அந்தத் தன்னார்வலர் வீட்டில், தரையில் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்தில் எடுத்தது. தூங்கி எழுந்த முகம். பின்னணியில் துடைப்பம் தெரிந்தால் வெட்டிவிட வேண்டாம்.

பார்க்க வருபவர்கள் காலையில் வராதீர்கள். அது கூண்டு கழுவும் நேரம், இரைச்சல் உச்சத்தில் இருக்கும். மாலையில் வாருங்கள், நான் இருப்பேன். கூண்டுக்கு எதிரே நிற்க வைக்க மாட்டேன். பெரியவரை வெளியே கூட்டிவருகிறேன், கொஞ்ச தூரம் சேர்ந்து நடப்போம், அவர் பக்கம் பார்க்காமல் நாமிருவரும் பேசிக்கொண்டிருக்கலாம். பிடித்திருந்தால் ஒரு வாரக்கடைசிக்கு அழைத்துப் போங்கள். ஒத்துவரவில்லை என்றால் திங்கட்கிழமை திரும்பக் கொண்டுவாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
ஓய்வு பெற்ற செவிலியர்