செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இந்தக் குளிரிலும் எழுந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

குன்னூரில் நம் பகுதி நலச் சங்கத்தின் இந்த ஆண்டு வேலைகளை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ள விதித் திருத்தத் தீர்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

குடிநீர்: ரேலியா அணையில் தண்ணீர் குறைந்த மாதங்களில் எந்தச் சந்துக்கு எந்த நாள் திறப்பது என்று எழுதி முக்கில் பலகை வைத்தோம். சண்டை குறைந்தது, நிற்கவில்லை. கரடி: குப்பைத் தொட்டியை இரவில் திறந்து போடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். இரண்டு தெருவிளக்குகளைத் திரும்ப எரிய வைத்தோம். காட்டெருமைக்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை, அது வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரும் வீடுகளுக்குப் பதிவு செய்து கொடுத்தோம். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம் என்பதை இன்னமும் சிலருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய வேலை என்றால் மழைநீர் ஓடைதான். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பே தூர்வாரி முடித்ததால் இந்த முறை கீழ்வரிசை வீடுகளுக்குள் சேறு வரவில்லை. ஓடையை மறித்துக் கட்டியிருந்த படிக்கட்டை இடிக்க வேண்டியிருந்தது. தலைவர் மூன்று முறை நேரில் போய்ப் பேசினார். நான்காம் முறை நகராட்சி ஆட்களோடு போனார். இடிபட்டது. தீர்மானத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நிர்வாகிகளுக்கு 65 வயது உச்சவரம்பு வைக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். நம் தலைவருக்கு 69. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, நம்மில் பாதிப் பேருக்கு டீச்சர். தீர்மானத்தில் யார் பெயரும் இல்லை, பொதுவான சீர்திருத்தம் என்றுதான் எழுதியிருக்கிறது. சரி, பொதுவாகவே பார்ப்போம் என்று பழைய குறிப்பேடுகளை எடுத்து வாசித்தேன்.

இவருக்கு முன்பு தலைவராக இருந்த மூவரும் ஆண்கள். மூவரும் எழுபது தாண்டியவர்கள். ஒருவர் 71 வயதில் பொறுப்பேற்று 77 வரை இருந்தார். வயதைப் பற்றி அந்தக் குறிப்பேடுகளில் ஒரு வரி உண்டு: “அன்னாரின் முதிர்ந்த அனுபவம் சங்கத்துக்குக் கிடைத்த பேறு.” கடைசி இரண்டு வருடம் அவர் குரங்குக் குல்லாவோடு கூட்டத்தில் கண்ணயர்ந்துவிடுவார். “தலைவர் அனைத்தையும் கவனமாகக் கேட்டறிந்தார்” என்று நாங்கள் பதிவு செய்தோம். நல்ல மனிதர். அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

அவர் காலத்திலும் ஓர் ஆக்கிரமிப்பு இடிக்கப்பட்டது. பொதுப் பாதையில் கட்டிய சுற்றுச்சுவர். இதே மாதிரி வாக்குவாதம், இதே மாதிரி நகராட்சி ஆட்கள். அந்த ஆண்டு பொதுக்குழுவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். இந்த ஆண்டு படிக்கட்டை இடித்த டீச்சருக்கு வந்தது புகார்க் கடிதம்: “வயதான காரணத்தால் பிடிவாதம் கூடிவிட்டது, எரிந்து விழுகிறார், வீட்டில் ஓய்வெடுப்பது நல்லது.”

செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். குறிப்பேட்டில் உள்ளதை உள்ளபடி வாசிப்பது பக்கச்சார்பு என்றால், அப்படியே இருக்கட்டும்.

வந்த புகார் எல்லாவற்றையும் நான் ஒரே மூட்டையில் கட்டவில்லை. செயற்குழுவைக் கேட்காமல் தூர்வாரும் ஆளை அவரே முடிவு செய்தது தவறு. அதைச் சொன்னோம், ஒப்புக்கொண்டார், இப்போது எல்லா விலைப்புள்ளியும் குழுவுக்கு வருகிறது. கூட்டம் நீளுகிறது என்ற புகாரும் நியாயம். இவை செய்த வேலையைப் பற்றிய பேச்சு. எந்தத் தலைவரிடமும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மற்றவை வேறு ரகம். முடிக்கு டை அடித்திருந்தால் “இந்த வயசுல இது தேவையா?”. அடிக்காமல் வந்தால் “ரொம்பத் தளர்ந்துட்டாங்க”. சத்தமாகப் பேசினால் அதட்டல், மெதுவாகப் பேசினால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. இதைச் சொன்னவர்களில் பெண்களும் உண்டு. “பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டு மருமகளுக்கு ஒத்தாசையா இருக்கலாம்ல” என்றது ஒரு அக்காதான். முன்னாள் தலைவர்களுக்கும் பேரப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் இதைச் சொன்னதாகப் பதிவு இல்லை.

தெருவிளக்கு விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு நானும் டீச்சரும் போயிருந்தோம். மனுவில் தலைவர் என்று கையெழுத்திட்டது அவர். அங்கிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, “பாட்டி, நீங்க உட்காருங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சொல்லுங்க சார்” என்றார். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே மின்கம்ப எண்களை வரிசையாகச் சொன்னார். அவருக்கு மனப்பாடம், எனக்குத் தெரியாது.

மகளிர் தினக் கூட்டத்தில் ஒரு பேராசிரியை இதைப் பற்றிப் பேசினார். அடுப்புச் சூட்டோடு வர்க்கி வந்துவிட்டதால் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். தலைவர் என்றதும் மனதில் வரும் குணங்கள் வேறு, பெண் என்றதும் எதிர்பார்க்கும் குணங்கள் வேறு. உறுதியாக நின்றால் பெண்ணுக்கு லட்சணமில்லை என்பார்கள், தணிந்து போனால் தலைமைக்கு லாயக்கில்லை என்பார்கள். ஆலிஸ் ஈக்ளி, ஸ்டீவன் கராவ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2002-ல் இதை விளக்கி எழுதினார்களாம். அமெரிக்காவில் தலைமைப் பொறுப்பில் உள்ள 913 பெண்களிடம் கேட்டு 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில் தெரிந்தது, பெண்ணுக்குச் சரியான வயது என்று ஒன்று இல்லவே இல்லை என்பது. இளையவள் என்றால் அனுபவம் போதாது, நடுவயது என்றால் குடும்பப் பாரம், மாதவிடாய் நிற்கும் வயது என்று பேச்சு, அதைத் தாண்டினால் காலாவதி. அதே வயது ஆணுக்குக் கூடக் கூட மதிப்பும் கூடுகிறது.

அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு என்று அன்று ஒருவர் கேட்டார். நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் நிலையத்தை 1954-ல் தொடங்கினார். 65 வரம்பு வைத்திருந்தால் அவர் அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நம் நீலகிரித் தொகுதி 1962-லேயே அக்கம்மா தேவியை மக்களவைக்கு அனுப்பியது. மலை இறங்கினால் தேக்கம்பட்டி. அங்கே பாப்பம்மாள் நூறு வயது தாண்டியும் வயலில் வேலை செய்தார், 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாம் எல்லோரும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி மகிழ்ந்தோம்.

எனக்கு உறுத்துவது அந்த மகிழ்ச்சிதான். வயதான பெண் வயலில் குனிந்து நின்றால் நமக்கு இனிக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள சிறு தோட்டங்களில் அறுபது தாண்டிய அம்மாக்கள் சரிவில் நின்று கொழுந்து எடுக்கிறார்கள், மூட்டையைத் தலையில் வைத்துச் சாலைக்கு ஏறி வருகிறார்கள். அவர்களிடம் “ஓய்வெடுங்கள்” என்று யாரும் கடிதம் எழுதியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, “இது கூடாது” என்று ஒரு பெண் சொல்லும்போதுதான் அவள் முழங்கால் மேல் நமக்கு அக்கறை பிறக்கிறது.

சுப்ரியா சாகு, இன்னசென்ட் திவ்யா போன்றவர்கள் ஆட்சியராக இருந்தபோது அவர்கள் முன் நம் ஆட்கள் கைகட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பெண் சொன்னால் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லாமல் இல்லை. அரசு முத்திரை இருந்தால் கேட்கிறோம். அடுத்த வீட்டு அம்மா என்றால் யோசிக்கிறோம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் செயற்குழுவில் தலைவரைத் தவிர ஒரு பெண்கூட இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

வயது வரம்பு வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவர்கள் இருக்கலாம். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கௌரவ ஆலோசகர்கள் மூவரும் 75-க்கு மேல். தீர்மானம் அவர்களைத் தொடவில்லை. ஏன் என்று கொண்டுவந்தவர்கள் விவாதத்தில் விளக்கட்டும்.

நடைமுறை இதுதான். விதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் தேவை. நிறைவேறினால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் தாக்கல் செய்வோம். கை தூக்க வேண்டாம், சீட்டு முறை வையுங்கள் என்று தலைவரே கேட்டுக்கொண்டார். அந்த நேரம் துணைத் தலைவர் தலைமை ஏற்பார். அதற்கு முன் பொருளாளர் வரவு செலவுக் கணக்கு வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்களுக்குச் சீட்டு கிடையாது. வாசலருகே உள்ள மேசையில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளலாம், சில்லறையாகக் கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்