வாஷிங் மெஷினில் எழுத்து மின்னினால் முதலில் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாஷிங் மெஷின் திரையில் இரண்டு எழுத்து மின்னியதுமே 'போர்டு (மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை) போயிட்டு' என்று முடிவுகட்டுவது நம் திருநெல்வேலிப் பக்கம் வழக்கமாகிவிட்டது. அடிக்கடி வரும் மூன்று குறிகளும் பெரும்பாலும் மெஷினுக்கு வெளியே இருக்கும் குறையைத்தான் காட்டுகின்றன. தண்ணீர் வரத்து, தண்ணீர் போக்கு, தரைமட்டம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே சரிபார்க்க முடியும்.

எல்ஜியில் 'ஐ.இ', சாம்சங்கில் '4சி' அல்லது '4இ' வந்தால், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் நிரம்பவில்லை என்று பொருள். குழாய் திறந்திருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, குழாயை அடைத்து மெஷினின் பின்பக்க ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். அதன் நடுவில் உள்ள முனையைக் குறடால் பிடித்து மெல்ல இழுத்தால் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணியில் கலங்கல் வரும்போது தொட்டியில் படியும் வண்டல் இந்தச் சல்லடையைத்தான் அடைக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷ் போதும், தேய்த்துக் கழுவித் திரும்ப மாட்டிவிடலாம். ராதாபுரம், திசையன்விளை பக்கத்து உப்புத் தண்ணீரில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அரை மணி நேரம் வினிகரில் ஊறவைக்க வேண்டும். 'அடிக்கடி அடைக்கிறதே' என்று சல்லடையைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வுக்குள் மணல் போய், வால்வு மூடாமல் தண்ணீர் ஓயாமல் நிரம்பி எல்ஜியில் 'எஃப்.இ' வரும். அப்போது மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் தண்ணீர் உள்ளே போனால் கோளாறு வால்வில், நின்றுவிட்டால் நீர்மட்டத்தை அறியும் பிரஷர் சென்சாரிலோ போர்டிலோ.

சல்லடை சுத்தமாக இருந்தும் அதே குறி வந்தால் தொட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். பல மாடல்களுக்கு 0.3 பார் அழுத்தமாவது வேண்டும். அதற்குத் தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் வால்வைவிட சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடி வீட்டில் மெஷினையும், அதன் நேர் மேலே மொட்டைமாடித் தரையில் தொட்டியையும் வைத்திருந்தால் இது கிடைப்பதில்லை. தொட்டியை மேடை கட்டி உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. அழுக்குத் தண்ணீர் போகும் ஹோஸை அங்கணத்தில் தரையோடு போட்டுவிடுகிறோம். முன்பக்கம் கதவு உள்ள மெஷினில் தண்ணீரைப் பம்ப் வெளியேற்றுகிறது. அதன் ஹோஸ் நுனி தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். கீழே கிடந்தால் நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு போய்விடும். மட்டம் ஏறாததால் மெஷின் 'ஐ.இ' காட்டும். குழாயில் நன்றாகத் தண்ணீர் வந்தும் இந்தக் குறி வந்தால் அங்கணத்தைத்தான் பார்க்க வேண்டும். மேலே மூடி உள்ள பல மெஷின்களுக்கு விதி இதற்கு நேர் எதிர். அவற்றில் பம்ப் கிடையாது, வால்வு திறந்ததும் தண்ணீர் தன் பாரத்தால் இறங்கும். ஹோஸ் நிலைப்படியைத் தாண்டி ஏறினாலோ, நுனி தேங்கிய தண்ணீரில் முங்கினாலோ தண்ணீர் இறங்காமல், போக்கு அடைபட்டதைக் காட்டும் 'ஓ.இ' வந்துவிடும். உங்கள் மெஷின் எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது.

பம்ப் உள்ள மெஷினில் 'ஓ.இ' அல்லது சாம்சங்கில் '5சி' வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்பக்கம் கீழ் மூலையில் உள்ள சிறு மூடியைத் திறங்கள். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். தாம்பாளம் ஒன்றை வைத்து, அங்குள்ள சிறு குழாய் வழியாகத் தண்ணீரை வடித்தபின் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்ற வேண்டும். ஊக்கு, சட்டைப் பொத்தான், சில்லறை, முடிச் சுருள் எல்லாம் அங்கேதான் சேரும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பம்பின் சிறு இறக்கை தெரியும். அதை விரலால் சுற்றுங்கள். விட்டு விட்டு, தடுக்கித் தடுக்கிச் சுற்றுவது காந்தத்தின் இயல்பு, அது பழுது அல்ல. அசையவே இல்லை என்றால் ஏதோ சிக்கியிருக்கிறது. வாளியில் துவைக்கும் பவுடரை இந்த மெஷினில் போட்டாலும் நுரை பெருகிப் பம்ப் திணறும்.

'யூ.இ' என்றால் பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஜமுக்காளத்தைத் தனியாகப் போட்டால் பெரும்பாலும் வரும், இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டால் சமமாகும். துணி சரியாக இருந்தும் வந்தால் தரையைப் பாருங்கள். தண்ணீர் ஓடுவதற்காகப் புறவாசல் தரை அங்கணத்தை நோக்கிச் சரிந்துதான் இருக்கும். ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சமன்செய்து, கால் நகராமல் பிடிக்கும் செக் நட்டை மெஷினின் உடலோடு ஒட்டி இறுக்குங்கள். செங்கல்லோ அட்டையோ செருகக் கூடாது. புது மெஷின் குதித்தால், கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்பக்கம் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருக்கலாம்.

'டி.இ' கதவு சரியாக மூடாததைக் குறிக்கும். 'சி.எல்' பழுதே அல்ல, குழந்தைப் பூட்டு. அந்தப் பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் விலகும்.

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) வெற்று டிரம்மில் போட்டு 60 டிகிரி சூட்டில் ஓடவிட்டால் ஹீட்டரில் பொருக்கு கட்டாது. அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். மெஷினின் உடலைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம். மெஷினை நிறுத்தி, எர்த் கம்பியை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தயாரிப்பு நிறுவனங்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்றே. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மெஷினின் மூடியிலும் இந்தக் குறிகளின் பொருளையும், முதலில் பார்க்க வேண்டியதையும் தமிழில் அச்சிட்டு ஒட்டுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: போர்டு மாற்றத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் ரசீதையும் பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இப்படிக்கு,
வீட்டு மின்கருவிகள் பழுதுநீக்கும் தொழிலாளர்கள்,
பாளையங்கோட்டை.