அலுமாரிக்குப் போகாத சாமான்கள்

ஒஸ்லோ,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மார்கழியில் ஊருக்கு வருகிறவரின் பெட்டியில் பாதி இடம் எங்களுக்குக் கிடைக்கும், ஏறக்குறைய பத்துக் கிலோ. அத்தானுக்கும் ஐயாவுக்கும் சித்தப்பாவுக்கும் மருமகனுக்கும் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “ஒன்றும் வேண்டாம், நீயே பார்த்து அனுப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி அனுப்புவது எங்கே போய்ச் சேரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பொலித்தீன் பை கழற்றாமல், “நல்ல நாளுக்கு” என்று அலுமாரிக்குள். வெளியே பாவிக்கிற சாமான் வேலை செய்தால் கனகாலம் இருக்கும், பூட்டி வைத்தால்தான் கெதியாகச் சாகும். எது எப்படிச் சாகும் என்று சொல்லிச் சொல்லியே எழுதுகிறேன்.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகளில் பெரும்பாலானவை பூட்டு. கோயிலுக்குப் போவதுபோலச் சனம் பிள்ளைகுட்டியோடு காட்டுக்குப் போகும். 1957இல் வந்த சட்டப்படி, பயிர் செய்யாத நிலம் யாருடையதானாலும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். குடியிருக்கிற வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். ஊர்மனைக்குப் பக்கத்துக் காட்டில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதென்றால் காணிக்காரரைக் கேட்க வேண்டும். சித்திரை 15 முதல் புரட்டாதி 15 வரை காட்டில் நெருப்பு மூட்டத் தடை. 1868இல் தொடங்கிய மலைநடைச் சங்கம் ஒன்று கல்லுக்குக் கல் சிவப்புக் குறி போட்டு வழி காட்டுகிறது. அதனால் பிறந்தநாளோ நத்தாரோ, பரிசு என்றால் கம்பளி உள்ளுடுப்பு, சுடுதண்ணிப் போத்தல், பனியில் குந்துவதற்கு மடிக்கிற சின்னப் பாய் இப்படித்தான் இருக்கும். எல்லாம் குளிருக்கு எதிராகச் செய்தவை. உங்களுக்கு எதிரி வெயில், வேர்வை, மாரி ஈரம், களப்பு உப்பு, முள்ளு. ஆகவே கடையில் பாதித் தட்டை நான் பார்க்கவே தேவையில்லை.

முதலில் மழைச் சட்டை. அத்தான் கேட்கமாட்டார், ஆனால் இங்கே எல்லோரும் வாங்கி அனுப்புவது அதைத்தான். வேர்வை ஆவியை வெளியே விட்டு மழைத்தண்ணியை உள்ளே விடாத சவ்வு வைத்துத் தைத்தது, விலையும் ஆயிரக்கணக்கான குரோனர். அந்தச் சவ்வு வேலை செய்ய வேண்டுமானால் சட்டைக்குள் சூடும் ஈரமும் கூடவாகவும் வெளியே குளிராகவும் இருக்க வேண்டும். வன்னி மாரியில் உள்ளேயும் வெளியேயும் ஒரே புழுக்கம், ஆவி வெளியேற வழியில்லை. கால் மணித்தியாலத்தில் மழை நனைக்காததை வேர்வை நனைத்துவிடும். இன்னொரு குறை, உள்பக்கத்துப் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் தானாக உடைந்து பிசுபிசுத்து உரியும், போட்டாலும் போடாவிட்டாலும். அத்தானுக்கு நல்லது பக்கம் திறந்த, தலையால் போடுகிற அகலமான மழைப் போர்வை. சைக்கிள் கைபிடியையும் மூடும், கீழால் காற்றும் போகும்.

அதோடு வயல் காவல் கொட்டிலுக்கு 3 மீற்றருக்கு 3 மீற்றர் சிலிக்கோன் பூசிய நைலோன் விரிப்பு ஒன்று வைக்கிறேன். முக்கால் கிலோவும் வராது, தறப்பாளைப்போல வெடிக்காது. கட்டும்போது ஒரு மூலையை நல்லாய்த் தாழ்த்துங்கோ, இல்லாவிட்டால் நடுவில் தண்ணி தேங்கி ஓரத்து வளையத்தைப் பிய்க்கும். நைலோன் நனைந்தால் நீளும், முதல் மழை விட்டதும் கயிற்றை ஒருக்கால் இறுக்க வேண்டும். பகல் வெயிலில் விடாமல் கழற்றி வைத்தால் பல வருசம் நிற்கும். அடுப்புப் பொறி ஒன்று பட்டால் ஓட்டைதான்.

அடுத்தது சப்பாத்து. இதில்தான் கூடக் காசு வீணாகிறது. மலை ஏறுகிற சப்பாத்துகள் பலவற்றில் அடிக்கும் மேலுக்கும் நடுவில் மெத்தென்ற பொலியூரித்தேன் தட்டு இருக்கும். மழைச் சட்டையின் வருத்தம்தான் இதற்கும். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்ல உடைக்கும், சூடு கூடக் கூட வேகமும் கூடும். நடக்கும்போது தட்டு அமுங்கி விரிவதால் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறுகிறது என்று செய்கிறவர்கள் சொல்வார்கள். பெட்டியில் ஐந்தாறு வருசம் கிடந்ததைக் கலியாணத்துக்கு எடுத்துப் போட்டால் பந்தலுக்குப் போக முதல் அடி கழன்று பிஸ்கட்டாய் உதிரும். அனுப்புவதென்றால் நடுத்தட்டு ஈ.வி.ஏ. நுரையாக இருப்பதைத்தான் அனுப்புவேன், அது அப்படி உதிராது. தோல் சப்பாத்து வேண்டாம். ஒருக்கால் நனைந்தால் மாரியில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். இரவில் வரம்பால் போகிறவருக்குப் பாம்புக்குத் தேவை முழங்காலுக்குக் கீழ்வரை வருகிற றப்பர் பூட்ஸ். கண்ணாடிப் புடையன் கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும். அதை இங்கிருந்து அனுப்புவது பைத்தியம், உலகத்துக்கே றப்பர் விக்கிற நாட்டில் இருக்கிறீர்கள். வவுனியாவில் வாங்குங்கோ, காசு நான் போடுகிறேன். உழுத சேற்றுக்குள் அது புதைந்து இழுபடும் என்று அத்தானுக்குத் தெரியும். வரம்புக்கும் ஒற்றையடிப் பாதைக்கும் மட்டும்தான்.

அளவைச் சப்பாத்து நம்பரில் எழுத வேண்டாம், அங்கத்தைய நம்பர் வேறு. பின்னேரத்தில், நாள் முழுக்க நடந்த பிறகு, கால் சற்று வீங்கியிருக்கும்போது கடதாசியில் நிற்கச் சொல்லுங்கோ. இருந்தபடி அல்ல, முழுப் பாரமும் காலில் இருக்க வேண்டும். பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டு, குதியிலிருந்து நீட்டு விரல் வரை நீளமும், விரல் அடிக்கட்டில் அகலமும் சென்ரிமீற்றரில் எழுதுங்கோ. இரண்டு காலும் வேண்டும். நீளத்தோடு ஒன்றரை கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய நம்பர் வரும், 26 சென்ரிமீற்றர் கால் 41க்குச் சற்று மேல். அகலத்தை ஏன் கேட்கிறேன் என்றால், வெறுங்காலோடு நடந்து பழகிய பாதம் முன்னால் விரிந்திருக்கும், இங்கத்தைய அச்சு ஒடுக்கம். நீளம் சரியாக இருந்தும் சின்ன விரல் கொப்பளிப்பது அதனால்தான்.

வெளிச்சம். “ஆயிரம் லூமன்” என்று பெட்டியில் பெரிதாக அடித்திருப்பதை நம்பாதையுங்கோ. லூமன் என்பது மொத்த வெளிச்சம், அது எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கண்டெலாதான் சொல்லும். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீற்றரில் தூரம் வரும். 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர், 40,000க்கு 400. அந்தக் கடைசி மீற்றரில் விழுவது 0.25 லக்ஸ், பறுவ நிலா வெளிச்சம். யானையா மாடா என்று பிரித்தறிய அதில் பாதித் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கதிர் முற்றுகிற தை, மாசியில் வயலோரம் நிற்கிற யானையைத் தூரத்திலேயே காண, ஒடுங்கிய கற்றை போகிற கை ரோச் ஒன்று அத்தானுக்கு. சித்தப்பாவுக்கு இரண்டு கையும் வலையில் இருப்பதால் தலையில் கட்டுகிற லைற். அதற்கு 200 முதல் 400 லூமன் காணும். தண்ணிக்குள் விழுந்தாலும் தாங்க ஐ.பி.எக்ஸ். 7 என்று இருக்க வேண்டும், ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் என்று பொருள். 4 என்றால் தூறலுக்கு மட்டும். சிவப்பு வெளிச்சமும் இருந்தால் நல்லது, பூச்சி குறைவாக மொய்க்கும், இருட்டுக்குப் பழகின கண்ணும் கூசாது.

பற்றறி கழற்றக் கூடியதா என்பதை எல்லாவற்றுக்கும் முதல் பார்ப்பேன். உள்ளேயே ஒட்டி வைத்த பற்றறி செத்தால் லைற்றும் செத்த மாதிரித்தான். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் உள்ள 18650 என்ற உருளைப் பற்றறி எங்கேயும் வாங்கலாம். பாவிக்காத காலத்தில் முழுக்க இறக்கி வைத்தால் அது திரும்ப எழும்பாது, முழுக்க ஏற்றி ட்ராக்டர் சீற்றில் வெயிலில் விட்டாலும் பழுது. பாதி ஏற்றி, வீட்டில் குளிர்மையான பக்கத்தில் வையுங்கோ. சாதாரணப் பற்றறி போடுகிற லைற் என்றால் பெட்டியில் வைக்க முதல் அதைக் கழற்ற வேண்டும், ஒழுகித் தகட்டைத் தின்றுவிடும்.

ஐயாவுக்கு நான் அனுப்பப்போவது விலையில் ஆகச் சின்னது, ஆனால் இந்தப் பட்டியலில் எனக்கு ஆகப் பிடித்தது: ஒளி தெறிக்கிற பட்டி. மார்கழியில் ஒஸ்லோவில் பின்னேரம் மூன்றரைக்குள் சூரியன் விழுந்துவிடும், அதனால் சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை கையிலோ பையிலோ இதைத் தொங்கவிடுவார்கள். வங்கிகளும் காப்புறுதிக்காரரும் சும்மாவே கொடுக்கிறார்கள். கார் லைற்றைத் தாழ்த்திப் போட்டு வருகிற சாரதிக்கு இருட்டு உடுப்புப் போட்ட ஆள் தெரிவது 25, 30 மீற்றரில், பட்டி இருந்தால் 140 மீற்றர் அளவில். மணிக்கு 60 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 17 மீற்றர் தாண்டும், மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கோ. மாங்குளம் வீதியால் மம்மல் பொழுதில் சைக்கிளோடு வருகிற ஐயாவுக்கு இதைவிட வேறென்ன? தாழ்த்திய லைற் கீழேதான் விழும், எனவே முழங்கால் உயரத்தில் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். சைக்கிள் மிதிகட்டையில் கட்டினால் மேலும் கீழும் ஆடும், சாரதிக்கு அது சைக்கிள் என்று உடனே விளங்கும். மாட்டுக் கழுத்துக் கயிற்றுக்கும் ட்ராக்டர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு கட்டாக வைக்கிறேன். சேறும் கீறலும் பட்டால் தெறிப்பு மங்கும். மங்கியதை யோசிக்காமல் மாற்றுங்கோ.

சித்தப்பாவுக்கு நந்திக்கடல் களப்பில் ரெலிபோனையும் அடையாள அட்டையையும் நனையாமல் வைக்க, வாய் சுருட்டிப் பூட்டுகிற 10 லீற்றர் பை. வாயைக் குறைந்தது மூன்று சுருட்டு சுருட்ட வேண்டும். மூன்றில் இரண்டுக்கு மேல் நிரப்பினால் சுருட்ட இடம் வராது, அதுதான் எல்லோரும் விடுகிற பிழை. உள்ளே கொஞ்சம் காற்று விட்டுப் பூட்டினால் விழுந்தாலும் மிதக்கும். வந்ததும் நல்ல தண்ணியில் அலம்பாவிட்டால் காய்ந்த உப்பு மடிப்பில் அராவித் துளை போடும். முதலில் உடைவது பிளாஸ்ரிக் கொழுவி, இரண்டு உதிரியும் வைக்கிறேன். துருப்பிடிக்காத உருக்கில் பத்துச் சென்ரிமீற்றர் அலகுள்ள கத்தி ஒன்றும் உண்டு. மீனுக்கும் கயிற்றுக்கும் மட்டும். கட்டை தறிக்க எங்கள் கொல்லர் அடித்த காட்டுக்கத்திக்கு இங்கே எதுவும் கிட்ட நிற்காது.

மருமகனுக்கு 8×42 தூரக்கண்ணாடி. “பத்து மடங்கு வேண்டும்” என்பான். கூட்டக் கூட்டக் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கிற வட்டமும் ஒடுங்கும். 42ஐ எட்டால் பிரித்தால் 5.25 மில்லிமீற்றர், பத்தால் பிரித்தால் 4.2. கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் அது, விடியப்புறத்தில் அந்த ஒரு மில்லிமீற்றர் பேசும். இரணைமடுவிலும் கொக்கிளாயிலும் ஐப்பசி முதல் பங்குனி வரை வருகிற வெளிநாட்டுப் பறவைகளைக் கரையில் நின்றே பார்க்கலாம், காட்டுக்குள் இறங்கத் தேவையில்லை. மிதிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் எந்தப் பறவைக்காகவும் கால் வைக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கோ. கண்ணாடியை உறையோடு அலுமாரியில் வைத்தால் இருட்டிலும் ஈரத்திலும் வில்லைக்குள் பூஞ்சணம் நூல்நூலாக ஓடும், துடைக்க முடியாது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா மணிப் பையோடு வைக்கட்டும். நுளம்பு மருந்து பூசிய கையால் தொடவும் கூடாது, அதிலுள்ள டீட் என்ற மருந்து சில வகைப் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும்.

தண்ணி வடிகட்டி கேட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இங்கே விற்கிற நுண்குழாய் வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும். தண்ணியில் கரைந்திருக்கிற உப்பு, புளோரைட், வயல் மருந்து எல்லாம் அதற்குள்ளால் போய்விடும். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து அதை வாங்கினால் வெறும் மன ஆறுதல்தான். குளத்துக் கலங்கல் தண்ணி அதைச் சீக்கிரம் அடைத்தும் போடும். பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சுகிற பெட்டி என்று ஒன்றும் விற்கிறார்கள், அது விஷத்தை எடுக்காது, நேரத்தைத்தான் தின்னும். கடிபட்டால் கட்டவும் கீறவும் வேண்டாம், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரி. உண்ணி பிடுங்குகிற சின்னச் சாமணம் மட்டும் நாலைந்து போடுகிறேன், தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயும் நெருப்பும் வேண்டாம்.

மருமகன் ட்ரோன் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கோ. இலங்கையில் அதற்கு அனுமதி வேண்டும், விமானநிலையத்தில் பறிபோனால் கொண்டுவருகிறவருக்குத்தான் கரைச்சல். வோக்கி டோக்கியும் அப்படித்தான். தனிப் பற்றறியும் பவர் பாங்கும் தபாலிலும் பெட்டியிலும் போடக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட் மணிக்குள் இருந்தால் கேள்வி இல்லை. 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட் மணி, ஆகவே அந்த அளவில் ஒன்று தருகிறேன்.

கார்த்திகை நடுவுக்குள் எனக்கு வரவேண்டியவை: அத்தானுடைய, மருமகனுடைய பாதக் கோடு, படம் எடுத்து வைபரில் போட்டாலும் காணும், பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடுங்கோ. மருமகன் மூக்குக்கண்ணாடி போடத் தொடங்கிவிட்டானா என்றும் சொல்லுங்கோ. போட்டிருந்தால் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையில் 15 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தருகிற மாதிரியைத்தான் எடுக்க வேண்டும், அது கொஞ்சம் விலை கூட. சித்தப்பாவின் வள்ளத்தில் ரெலிபோன் தவிர வேறு ஏதும் நனையாமல் வைக்க இருக்கிறதா? இருந்தால் பத்துக்குப் பதில் 20 லீற்றர் பை.

இப்படிக்கு,
அன்புத் தம்பி